டெலீட் பொத்தானுக்குத் தப்பிய கடிதங்கள்

அமெரிக்க அதிபரின் தேசியப் பாதுகாப்பு மன்றத்துக்குள் மின்னஞ்சல் நுழைந்தது 1982இல். ஐபிஎம் தயாரித்த ‘புரோஃப்ஸ்’ என்னும் அலுவலக மென்பொருள் அது. சோதனைக்காக முதலில் சிலருக்கு மட்டும் தந்தார்கள். 1985 ஏப்ரல் வாக்கில் மன்றத்தின் ஊழியர்கள் எல்லோருக்கும் அது வந்துவிட்டது. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. வேறோர் அறையில் இருக்கும் பெரிய கணினியோடு கம்பியால் இணைத்த ஒரு திரையும் விசைப்பலகையும்தான். பெயரைக்கூட முழுதாகச் சொல்லாது. ஆலிவர் நார்த் என்ற ஊழியர் எழுதினால் அனுப்புநர் இடத்தில் ‘என்எஸ்ஓஎல்என்’ என்று வரும். ஜான் பாயின்டெக்ஸ்டர் என்ற மேலதிகாரி ‘என்எஸ்ஜேஎம்பி’. மன்றத்தின் முதல் எழுத்துகளோடு ஆளின் முதல் எழுத்துகளைச் சேர்த்த குறியீடுகள் இவை. இந்தக் குறியீடுகளைப் பற்றிப் பிறகு நீதிமன்றத்தில் பேச வேண்டிய நாள் வரப்போகிறது.

அதுவரை அந்த மன்றத்தில் ஒரு விஷயம் மேலே போக வேண்டுமானால் அதற்கென்று வழி இருந்தது. குறிப்பை எழுதி, தட்டச்சு செய்து, செயலகத்தில் கொடுத்தால் அதற்கு ஓர் எண் விழும். சம்பந்தப்பட்ட மற்றவர்கள் பார்த்துக் கையொப்பமிடுவார்கள். நகல் கோப்புக்குப் போகும். யார் எதை எப்போது பார்த்தார் என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் சாட்சி இருக்கும். புரோஃப்ஸ் வந்ததும் இத்தனை படிகளும் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு நேராக எழுத முடிந்தது. பேசுவது மாதிரியே எழுதினார்கள். பாதி வாக்கியம், செல்லப் பெயர், கிண்டல், கோபம் எல்லாம் அதில் இருந்தது. எழுத்தில் இருந்தாலும் யாரும் அதை எழுத்தாக நினைக்கவில்லை. என் பார்வையில், அரசாங்கத்து மின்னஞ்சலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு மனநிலையிலிருந்துதான் கிளைக்கிறது.

பாயின்டெக்ஸ்டர் கடற்படை அதிகாரி. கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்லூரியில் அணு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கணினியில் உண்மையான ஈடுபாடு உள்ளவர். 1981இல் வெள்ளை மாளிகைக்கு வந்ததிலிருந்து அங்கிருந்த பழைய தகவல் தொடர்பு வசதிகளைப் புதுப்பிப்பதில் முன்னின்றார். 1985 டிசம்பரில் ராபர்ட் மெக்ஃபார்லேன் விலக, அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி அவருக்கு வந்தது. விலகிய மெக்ஃபார்லேன் வீட்டிலும் ஒரு புரோஃப்ஸ் திரை தொடர்ந்து இருந்தது. பதவியில் இல்லாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி நாட்டின் மிக ரகசியமான மன்றத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

நார்த் கடற்படைக் காலாட்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல். அவருக்கென்று பாயின்டெக்ஸ்டர் 1985லேயே ஒரு தனிப்பாதை திறந்து வைத்தார். ‘பிரைவேட் பிளாங்க் செக்’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரில் நார்த் அனுப்பும் செய்தி செயலகத்தைத் தொடாமல், வேறு யார் கண்ணிலும் படாமல், நேராகப் பாயின்டெக்ஸ்டரின் திரையில் போய் விழும். முறையான கோப்பு வழியைத் தாண்டிப் போவதற்கென்றே அமைத்த பாதை அது.

அந்தப் பாதையில் ஓடிய காரியம் இன்று ஊரறிந்தது. பிணைக்கைதிகளை மீட்கும் நம்பிக்கையில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றார்கள். வந்த லாபத்தில் ஒரு பகுதியை நிகராகுவா அரசை எதிர்த்துச் சண்டையிட்ட கான்ட்ரா படைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தப் படைகளுக்கு உதவக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1984இல் சட்டமே போட்டிருந்தது. ‘எச்சரிக்கையாக இரு’ என்ற தலைப்பில் 1986 மே மாதம் பாயின்டெக்ஸ்டர் நார்த்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். இனிமேல் உன் செயல்பாடுகளைப் பற்றி என்னைத் தவிர யாரிடமும் பேசாதே, சிஐஏ இயக்குநர் கேஸியிடமும் பேசாதே என்பது அதன் சாரம். மெக்ஃபார்லேன் அதே ஆண்டு வீட்டிலிருந்து நார்த்தைத் தட்டிக்கொடுத்து எழுதினார். நீ செய்வது உலகத்துக்குத் தெரிந்தால் உன்னை வெளியுறவு அமைச்சராகவே ஆக்கிவிடுவார்கள், ஆனால் தெரியக் கூடாது, தெரிந்தால் குறை சொல்வார்கள், இன்றைய ஜனநாயகத்தின் நிலைமை அப்படி என்று போகிறது அந்தச் செய்தி. காகிதக் குறிப்பில் எந்த அதிகாரியும் இப்படி எழுதியிருக்க மாட்டார். முறையான கோப்புகளில் என்ன முடிவு எடுத்தார்கள் என்பது இருக்கும். எந்த மனநிலையில் எடுத்தார்கள் என்பது இந்த மாதிரிச் செய்திகளில்தான் இருக்கிறது.

1986 நவம்பர் 3ஆம் தேதி லெபனானின் ‘அஷ்-ஷிரா’ பத்திரிகை ஆயுத விற்பனையை வெளிப்படுத்தியது. 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ் விசாரணையைத் தொடங்கினார். அன்று மாலையே நார்த்தும் அவருடைய செயலாளர் ஃபான் ஹாலும் காகிதங்களைக் கிழிக்கும் இயந்திரத்தில் கட்டுக் கட்டாகப் போட்டார்கள். அப்படியும் மறுநாள் வந்த நீதித்துறை வழக்கறிஞர்கள் கையில், லாபத்தைத் திருப்பிவிட்டதைச் சொல்லும் ஒரு குறிப்பு சிக்கிவிட்டது. 25ஆம் தேதி மீஸ் அதை நாட்டுக்கு அறிவித்தார். பாயின்டெக்ஸ்டர் விலகினார், நார்த் நீக்கப்பட்டார். நார்த்தின் அறைக்கு முத்திரை வைத்த அந்த நாளில் ஃபான் ஹால் சில தாள்களைப் பூட்ஸுக்குள்ளும் உடைக்குள்ளும் மறைத்து வெளியே கொண்டுபோனார்.

காகிதத்துக்கு இவ்வளவு பாடு. திரைக்குள் இருந்தவற்றுக்கு இந்தச் சிரமமெல்லாம் தேவைப்படவில்லை. அந்த ஒரு வாரத்தில் பாயின்டெக்ஸ்டரும் நார்த்தும் தங்கள் கணக்குகளில் இருந்த 5,000க்கும் மேற்பட்ட செய்திகளை அழித்தார்கள். பெரும்பகுதி பாயின்டெக்ஸ்டருடையவை.

அழித்தது அவர்கள் பார்வைக்கு எட்டிய இடத்தில் மட்டும்தான். பெரிய கணினி பழுதாகிவிட்டால் வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அதில் உள்ள அனைத்தையும் குறிப்பிட்ட இடைவெளியில் காந்த நாடாவில் நகலெடுத்து வைப்பது கணினி அறையின் வழக்கம். வரலாற்றைக் காப்பது அதன் நோக்கமில்லை. கொஞ்ச நாள் கழித்து அதே நாடாவின் மேல் புதிய நகலை எடுத்துவிடுவார்கள், பழையது போய்விடும். நவம்பரில் அப்படிப் போகாமல் நின்றதற்குக் காரணம், தகவல் தொடர்பைப் பார்த்துக்கொண்ட வெள்ளை மாளிகைத் தொடர்பு முகமையின் ஊழியர்கள். விவகாரம் வெடித்ததும் அந்த மாதத்து நாடாக்களைச் சுழற்சியிலிருந்து எடுத்துத் தனியே வைத்தார்கள். அதிபர் எவராயினும் மாறாமல் இருக்கும் நிரந்தர ஊழியர்கள் இவர்கள். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இவர்களைத்தான். பொறுப்போடு செய்த இந்த ஒரு காரியம் இல்லாவிட்டால் மேலே சொன்ன இரண்டு செய்திகளையும் நாம் படித்திருக்கவே முடியாது.

முன்னாள் செனட்டர் ஜான் டவர் தலைமையில் அதிபர் ரேகன் நியமித்த விசாரணைக் குழு 1987 பிப்ரவரி 26ஆம் தேதி அறிக்கை தந்தது. நாடாக்களிலிருந்து மீட்ட புரோஃப்ஸ் செய்திகள் அதில் பக்கம் பக்கமாக இருந்தன. ஜூலையில் நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன நார்த், பொத்தானை அழுத்தினால் செய்தி அடியோடு போய்விடும் என்று தாங்கள் எல்லோரும் மனதார நம்பியதாகச் சொன்னார். பின்னர் நார்த், பாயின்டெக்ஸ்டர் இருவர் மேலும் குற்றம் உறுதியானது. நார்த் மேல் நிலைத்த குற்றங்களில் ஆவணங்களைத் திருத்தியதும் அழித்ததும் ஒன்று. நாடாளுமன்றத்தில் சட்டப் பாதுகாப்போடு சொன்ன சாட்சியம் வழக்கைப் பாதித்திருக்கலாம் என்ற காரணத்தால் இரண்டு தீர்ப்புகளும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

இதோடு விஷயம் முடிந்திருக்கலாம். செய்திகள் ஒரு குற்ற விசாரணைக்கு உதவின, அவ்வளவுதான் என்று விட்டிருக்கலாம். மின்னஞ்சல் ஆவணமாகும் கதை தொடங்கியது டவர் அறிக்கைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, ரேகன் பதவியின் கடைசி முழு நாளில்.

அதிபர் நிக்ஸன் காலத்தின் ஒலிநாடாக்கள் தந்த பாடத்தால் 1978இல் அதிபர் ஆவணச் சட்டம் வந்திருந்தது. அதிபரின் அலுவல் ஆவணங்கள் அவருடைய சொந்தச் சொத்து என்ற பழைய ஏற்பாட்டை அது மாற்றி, அவை நாட்டுக்கு உரியவை என்றது. 1981 ஜனவரி 20 முதல் உள்ள ஆவணங்களுக்கு அது பொருந்தும். அதன் கீழ் வந்த முதல் அதிபர் ரேகன். ஆனால் திரையில் எழுதியது ஆவணமா என்ற கேள்வியை அதுவரை யாரும் எழுப்பவில்லை. அரசின் நிலை எளிமையானது: முக்கியமானதை ஊழியர் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருப்பார். மிச்சமெல்லாம் தொலைபேசிப் பேச்சு மாதிரி, காற்றோடு போக வேண்டியது. ஆட்சி மாறும்போது கணினியைத் துடைத்துச் சுத்தமாக ஒப்படைப்பதுதான் திட்டம்.

வாஷிங்டனில் ‘நேஷனல் செக்யூரிட்டி ஆர்கைவ்’ என்று ஓர் அமைப்பு உண்டு. பெயரைக் கேட்டால் அரசுத் துறை போலத் தோன்றும். உண்மையில் தகவல் சுதந்திரச் சட்டத்தைப் பயன்படுத்தி அரசின் ரகசியக் காகிதங்களை வெளிக்கொண்டுவரும் தனியார் ஆய்வு நிறுவனம். வாஷிங்டன் போஸ்ட்டின் முன்னாள் நிருபர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங் 1985இல் அதை நிறுவினார். துடைக்கும் திட்டம் காதுக்கு எட்டியதும் அவர்கள் 1989 ஜனவரி 19ஆம் தேதி கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். மறுநாள் நண்பகலில் ஜார்ஜ் புஷ் பதவியேற்கிறார். எதிலும் தாமதிக்க முடியாத நிலை. வழக்கு வந்தது நீதிபதி பாரிங்டன் பார்க்கர் முன்னிலையில். ரேகனைச் சுட்ட ஹிங்க்லியின் வழக்கை 1982இல் விசாரித்தவர் அவர். அன்று மாலையே நாடாக்களை அழிக்கத் தற்காலிகத் தடை விதித்தார். ஒரு நாள் தாமதித்திருந்தால் தடை விதிக்க எதுவுமே மிஞ்சியிருக்காது.

அந்த ஒரு மாலையின் தடை, ரேகன், புஷ், கிளின்டன் என்று மூன்று அதிபர்களின் காலத்திலும் ஓடிய வழக்காக வளர்ந்தது. இரண்டு கட்சி அரசுகளும் ஒரே வாதத்தைத்தான் வைத்தன. கட்சி பேதமில்லாத இந்த ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். தன் உள்வீட்டுப் பேச்சைப் பிறர் படிப்பதை எந்த அரசும் விரும்புவதில்லை.

1993 ஜனவரி 6ஆம் தேதி நீதிபதி சார்லஸ் ரிச்சி தீர்ப்பளித்தார். அச்செடுத்த தாள் இருக்கிறதே, கணினியில் உள்ளது எதற்கு என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் வழக்கின் இதயம். புரோஃப்ஸ் அச்சுத் தாளில் பல நேரம் பெறுநரின் முழுப் பெயர் இராது, முதலில் பார்த்த குறியீடுதான் இருக்கும். ஒரு குழுவுக்கு அனுப்பினால் குழுவின் பெயர் மட்டும் அச்சாகும், அதில் யார் யார் இருந்தார்கள் என்பது கணினிக்குள்ளேயே தங்கிவிடும். செய்தி எப்போது போய்ச் சேர்ந்தது, பெறுநர் திறந்தாரா என்ற விவரமும் அப்படியே. உறையையும் அதன் மேல் உள்ள தபால் முத்திரையையும் எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்குச் சமம் இது. அரசாங்கத்தில் ஒரு தவறு நடந்தால் முதலில் எழும் கேள்வி, இது யாருக்கு, எப்போது தெரியும் என்பதுதானே? அதற்கான பதில் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதியைத்தான் அச்சு கைவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்த முக்கியமான புள்ளியில் ரிச்சியின் பக்கம் நின்றது. மின் வடிவமும் ஆவணமே, அச்செடுத்து வைத்த காரணத்தால் அதை அழித்துவிட முடியாது. அமெரிக்க அரசு மின்னஞ்சலின் சட்டப் பிறப்பு இதுதான்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறது. 1993 ஜனவரி 19. புஷ் பதவி இறங்கப்போகிறார், கிளின்டன் வரப்போகிறார். நாடாக்களில் நகல் இருந்தால் கணினிகளைத் துடைத்துக்கொள்ளலாம் என்று மேல் நீதிமன்றம் நாலு நாள் முன்னால்தான் அனுமதித்திருந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தின் ஊழியர்கள் அன்று வெள்ளை மாளிகை வளாகத்திலிருந்து ஆயிரக்கணக்கான நாடாக்களை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு போனார்கள். நள்ளிரவை நெருங்கும் வேளையில் காப்பகத் தலைவர் டான் வில்சன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த மின் ஆவணங்கள் மேல் முழு அதிகாரத்தையும் அது விலகும் அதிபர் புஷ்ஷுக்கே கொடுத்தது. 1978 சட்டம் எந்த ஏற்பாட்டை ஒழிக்க வந்ததோ அதையே பின்வாசல் வழியாகத் திரும்ப அழைத்த கையெழுத்து அது. நாட்டின் ஆவணங்களைக் காக்க நியமிக்கப்பட்டவரே அதைச் செய்தார் என்பது மனதை வருத்துகிறது. சில வாரங்களில் டெக்ஸாஸில் புஷ்ஷின் பெயரில் அமையவிருந்த நூலக மையத்துக்குத் தலைமைப் பொறுப்பில் போகிறார் என்ற செய்தியும் வந்தது. 1995 பிப்ரவரியில் ரிச்சி அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

வேறு வழியில்லாத நிலையில் கிளின்டன் வெள்ளை மாளிகை 1994இல் தானியங்கி ஆவண மேலாண்மை அமைப்பு ஒன்றை நிறுவியது. ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ‘ஆர்ம்ஸ்’. ஊழியர் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலும் அவர் எதுவும் செய்யாமலே அங்கே போய்ச் சேரும். எது ஆவணம், எது இல்லை என்று முடிவு செய்யும் பொறுப்பை எழுதியவர் கையிலிருந்து எடுத்தது இந்த ஏற்பாட்டின் பெரிய மாற்றம். 1996இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்துக்கு உட்பட்ட முகமையே இல்லை என்று மேல் நீதிமன்றம் சொன்னது ஆம்ஸ்ட்ராங் தரப்புக்குப் பெரிய இழப்பு. பொதுமக்கள் கேட்டுப் பெறும் உரிமை போனது. அதிபர் ஆவணச் சட்டத்தின்படி சேமித்து வைக்கும் கடமை மட்டும் நின்றது. பார்க்கப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும், ஆனால் இருக்கும். நேஷனல் செக்யூரிட்டி ஆர்கைவின் பிற்காலத் தலைவர் டாம் பிளான்டன், மீட்ட செய்திகளை 1995இல் தொகுத்து ‘ஒயிட் ஹவுஸ் இ-மெயில்’ என்ற நூலாக, ஒரு ஃபிளாப்பி வட்டோடு சேர்த்து வெளியிட்டார்.

இவ்வளவு போராடிக் கட்டியதை ஒரு மென்பொருள் மாற்றம் குலைத்துப் போட்டது. இளைய புஷ் காலத்தில், 2002-03 வாக்கில், லோட்டஸ் நோட்ஸிலிருந்து மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்குக்கு மாறினார்கள். ‘ஆர்ம்ஸ்’ புதிய மென்பொருளோடு சேரவில்லை. அதைக் கைவிட்டவர்கள் அதன் இடத்தில் சரியான எதையும் வைக்கவில்லை. காப்பு நாடாக்களையும் 2003 அக்டோபர் வரை மேலெழுதித் திரும்பப் பயன்படுத்தினார்கள். இராக் போர் தொடங்கிய ஆண்டு அது. சிஐஏ உளவாளி ஒருவரின் பெயர் கசிந்த வழக்கில் 2006 ஜனவரியில் அரசுத் தனி வழக்கறிஞர் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய கடிதத்தால்தான், 2003ஆம் ஆண்டின் சில மின்னஞ்சல்கள் முறையாகச் சேமிக்கப்படவில்லை என்பது வெளியே தெரிந்தது. ஆம்ஸ்ட்ராங் தொடங்கிய அதே அமைப்பும் ‘க்ரூ’ என்ற இன்னொரு அமைப்பும் 2007இல் வழக்குப் போட்டன. 2009 டிசம்பரில் ஒபாமா அரசோடு சமரசம் ஆனபோது, தவறாகப் பெயரிட்டு எங்கெங்கோ கிடந்த 2 கோடியே 20 லட்சம் மின்னஞ்சல்கள் மீண்டிருந்தன. மேலும் 94 நாட்களின் செய்திகளை எஞ்சிய காப்பு நாடாக்களிலிருந்து மீட்பதென்று முடிவானது. இரண்டாவது முறையும் கைகொடுத்தது காந்த நாடாதான்.

ஆனால் நாடா எட்டாத இடமும் அப்போதே தெரியத் தொடங்கியிருந்தது. புஷ்ஷின் உதவியாளர்கள் பலர் குடியரசுக் கட்சியின் சர்வரில் உள்ள கணக்குகள் வழியாகவும் எழுதியிருந்தார்கள். வெள்ளை மாளிகையின் எந்தக் கணினியும் அவற்றை நகலெடுக்கவில்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அலுவல் செய்தியைச் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பினால் 20 நாட்களுக்குள் அதன் நகலை அரசுக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று சேர்த்தார்கள். ‘ஆர்ம்ஸ்’ நீக்கிய மனிதக் கை இதில் மறுபடி நுழைந்துவிட்டது. அனுப்பியவர் நினைத்து அனுப்பினால்தான் ஆவணம்.

2025 மார்ச்சில் யேமன் மீது தாக்குதல் நடத்துவதைப் பற்றி டிரம்ப் அரசின் உயர் அதிகாரிகள் சிக்னல் செயலியில் ஒரு குழு அமைத்துப் பேசினார்கள். அப்போதைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக்கேல் வால்ட்ஸ் தொடங்கிய குழு அது. செய்திகள் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. பாயின்டெக்ஸ்டரும் நார்த்தும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருந்ததை இங்கே செயலியே செய்யும். இடையில் நகலெடுக்கும் பெரிய கணினி கிடையாது. ‘தி அட்லான்டிக்’ இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கைத் தவறுதலாகக் குழுவில் சேர்த்துவிட்டதால் மட்டுமே அது வெளியே தெரிந்தது. ‘அமெரிக்கன் ஓவர்சைட்’ என்ற அமைப்பு உடனே வழக்குத் தொடர்ந்தது. நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் மார்ச் 27ஆம் தேதி, அந்த மாதம் 11 முதல் 15 வரையிலான சிக்னல் செய்திகளைப் பாதுகாக்க உத்தரவிட்டார். 1989இல் பார்க்கரின் தடை சரியான நேரத்தில் வந்தது. இந்த முறை, சிஐஏ இயக்குநரின் கணக்கில் குழுவின் பெயர், அமைப்பு விவரங்கள் போன்றவைதான் மிஞ்சியிருக்கின்றன, பேச்சின் உள்ளடக்கம் இல்லை என்று ஏப்ரலில் அந்த முகமை நீதிமன்றத்தில் தெரிவித்தது.